ஆடிஷன் முடிந்தபின் விசாரிக்க: மெயிலா, வாட்ஸ்அப்பா, போனா?

கேரள எல்லையில், பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கத்துப் பிள்ளைகளுக்கு மாடலிங் என்றால் இரண்டு திசை உண்டு. எல்லை தாண்டித் தமிழ்நாட்டுக்குள் போனால் கோவையின் ஜவுளிக்கடை விளம்பரங்கள். பாலக்காட்டில் ரயிலேறினால் ஏறக்குறைய மூன்று மணி நேரத்தில் எர்ணாகுளம்; அங்கே நகைக்கடைகள், சேலை கேட்லாக்குகள். எங்கே போனாலும் உயரம் சொல்லி, மேக்கப் இல்லாமல் வெள்ளைச் சுவர் முன்னால் நின்று, இரண்டு பக்கமும் திரும்பிக் காட்டிவிட்டு, "சொல்றோம்" என்ற பதிலோடு வெளியே வருகிறோம். அப்புறம் எப்படி விசாரிப்பது என்பதில்தான் ஆளுக்கொரு கட்சி. நான் மெயில் கட்சி. காரணம் சொல்கிறேன்.

நேரில் போய் விசாரிப்பதை முதலிலேயே கழித்துவிடலாம். டிக்கெட் காசுக்குக் கேடு, வாசலில் இருக்கும் செக்யூரிட்டிக்கும் சங்கடம். இன்ஸ்டாகிராம் மெசேஜும் அப்படித்தான். ஆடிஷனுக்குக் கூப்பிட்ட கோஆர்டினேட்டர் நம்மைப் பின்தொடராதவர் என்றால் அது ரிக்வெஸ்ட் பக்கத்தில் விழுந்து அங்கேயே கிடக்கும்.

போனில் ஒரு நல்லது, குரலிலேயே நிலவரம் தெரிந்துவிடும். ஆனால் கோஆர்டினேட்டர் பகல் முழுக்க ஷூட்டில் இருப்பார். எடுத்தாலும் "கிளையன்ட் இன்னும் ஒண்ணும் சொல்லல மோளே" என்பதைத் தவிர அவரிடம் சொல்ல ஒன்றும் இருக்காது. நம் பக்கம் கைக்கு எதுவும் மிஞ்சாது.

வாட்ஸ்அப்பைக் குறை சொல்ல எனக்கே மனம் வரவில்லை. கொச்சியில் வேலை நடப்பதே அதில்தான். அன்று சாயங்காலமே "சேச்சி, இன்னைக்குக் கூப்பிட்டுப் பார்த்ததுக்கு நன்றி. இந்த மாசம் 12லிருந்து 18 வரைக்கும் ஃப்ரீயா இருக்கேன்" என்று இரண்டு வரி போட்டால் போதும், பதில் சட்டென்று வரும். நன்றி சொல்ல இதைவிட வசதி கிடையாது.

ஆனால் ஒன்றை யோசிக்க வேண்டும். நம்மைப் பார்த்தவர் ஒருவர், முடிவு செய்பவர் வேறொருவர். கோஆர்டினேட்டர் நாலைந்து பேரைப் பொறுக்கி ஏஜென்சிக்கு அனுப்புவார், ஏஜென்சி கடைக்காரரிடம் காட்டும், அங்கே முதலாளியும் வீட்டுக்காரர்களும் உட்கார்ந்து பார்ப்பார்கள். இந்தச் சங்கிலியில் நாம் நேரில் எங்கேயும் இல்லை; நாம் அனுப்பியதுதான் கை மாறிப் போகிறது. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பிய படம் அளவு குறுகிவிடும். 2023இல் எச்டி வசதி வந்தபின் கொஞ்சம் பரவாயில்லை. டாக்குமென்ட்டாக அனுப்பினால் அசலாகவே போகும். ஆனால் உயரமும் அளவும் ஒரு மெசேஜ், படம் வேறொரு மெசேஜ் என்று பிரிந்து கிடக்கும். ஃபார்வர்டு செய்யும்போது படம் போகும், பெயர் தங்கிவிடும்.

மெயிலில் எல்லாம் ஒரே கட்டாகப் போகும். தலைப்பிலேயே பெயர், உயரம், ஊர், எந்த ஆடிஷன் என்று எழுதிவிடுங்கள். உள்ளே நான்கு படம் போதும்: முகம் நேராக, பக்கவாட்டில், முழு உயரத்தில், சேலையில் ஒன்று. ஜிமெயிலில் 25 எம்பி வரை இணைக்கலாம், அந்தளவு தேவையே இல்லை. டிரைவ் லிங்க் போடுபவர்கள், யாரும் திறக்கலாம் என்ற அனுமதியைக் கொடுத்திருக்கிறோமா என்று வேறொரு போனில் திறந்து பார்த்துக்கொள்ளுங்கள். நகைக்கடை வேலை என்றால் வேறு நகைக்கடை விளம்பரத்தில் நடித்திருக்கிறீர்களா, அது இன்னும் ஓடுகிறதா என்பதையும் ஒரு வரி எழுதுங்கள். எப்படியும் கேட்பார்கள்.

இன்னொன்று, தேர்வானவர் கடைசி நேரத்தில் வரமுடியாமல் போவது இந்தத் தொழிலில் சகஜம். வாரங்கள் கழித்து "அந்தப் பாலக்காட்டுப் பொண்ணு யாரு?" என்று தேடும்போது, வாட்ஸ்அப்பில் நூறு குரூப்புக்கு அடியில் புதைந்திருப்போம். மெயிலில் ஊர்ப் பெயரைத் தட்டினால் வந்துவிடுவோம். எனக்கு வந்த ஒரு சேலை கேட்லாக் வேலை இப்படி வந்ததுதான். பழைய மெயிலுக்கே ரிப்ளை போட்டுத் தேதி கேட்டார்கள். இந்த ஒரு காரணத்துக்காகவே, பதில் வராவிட்டாலும் மெயில் போடுகிறேன். போட்டதும் "மெயில் அனுப்பியிருக்கேன் சேச்சி" என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி தட்டிவிடுவேன். இல்லாவிட்டால் அதைத் திறக்கவே மாட்டார்கள்.

இரண்டாம் முறை விசாரிக்கும்போது "என்ன ஆச்சு?" என்று மட்டும் கேட்பது வீண். தேர்வாகாதவர்களுக்குத் தகவல் சொல்லும் வழக்கம் பெரும்பாலும் கிடையாது, மௌனம்தான் பதில். நம்மிடம் ஏதாவது செய்தி இருந்தால் எழுதலாம். எல்லைக்காரர்களான நமக்கு அது தானாகவே கிடைக்கும்: ஓணத்துக்கான ஷூட் கொச்சியில், ஆடித் தள்ளுபடிக்கும் தீபாவளிக்கும் கோவையில். தேதிகள் முட்டிக்கொள்ளும். "14ஆம் தேதியைக் கோவையில் கேட்கிறார்கள், உங்களுக்கு வேண்டுமா, விட்டுவிடலாமா?" என்று எழுதினால் அது நச்சரிப்பு ஆகாது, அவர்களும் ஒரு பதில் சொல்லியே ஆக வேண்டும். இல்லாத வேலையை இருப்பதாகச் சொல்லி மிரட்டாதீர்கள். கோவை, கொச்சி கோஆர்டினேட்டர்கள் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள்.

பதில் சொல்லாமல் ரெஜிஸ்ட்ரேஷன் கட்டணம், போர்ட்ஃபோலியோ காசு என்று கேட்க ஆரம்பித்தால் அத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

நான் சொல்வதெல்லாம் கேட்லாக், கடை விளம்பர வேலைக்கு. ரேம்ப் பக்கமும் மும்பை ஏஜென்சிகள் பக்கமும் நான் போனதில்லை. அங்கே ஏஜென்ட் வைத்திருப்பவர்கள் விசாரிக்கும் வேலையை அவரிடமே விட்டுவிடுகிறார்கள் என்று தோழிகள் சொல்லிக் கேள்வி. அப்படியென்றால் நேராக மெயில் போடுவது ஏஜென்ட்டைத் தாண்டிப் போன மாதிரி ஆகிவிடும். முதலில் அவரையே கேட்டுக்கொள்ளுங்கள்.