டிஸ்க்கைக் கடைவதா, மாற்றுவதா: ஏற்காடு ஏறி இறங்கும் காருக்கு ஒரு கணக்கு

முன்சக்கரத்துப் பிரேக் பேடு தேய்ந்துவிட்டது என்று சேலத்தில் மூன்று பேரிடம் சொன்னால் மூன்று பதில் வரும். (சக்கரத்தோடு சுற்றும் இரும்புத் தட்டுதான் டிஸ்க். பிரேக்கை மிதித்தால் அதை இரு பக்கமும் அழுத்திப் பிடிப்பது பேடு.) கம்பெனி சர்வீஸ் சென்டரில், "பேடு, டிஸ்க் ரெண்டையும் மாத்திடலாம் சார்" என்பார்கள். பல வருடம் பழகிய மெக்கானிக், "பேடு மட்டும் புதுசு போடுங்க, டிஸ்க்கை லேத்துல ஒரு கடைசல் விட்டுக்கலாங்க" என்பார். எங்கள் வீட்டில் ஒரு மச்சான் இருக்கிறார். "பேடை மாத்துங்க மாமா, டிஸ்க்கைத் தொடவே தொடாதீங்க" என்பது அவர் கட்சி. மூவரும் சரியாகத்தான் சொல்கிறார்கள், ஆனால் வேறு வேறு காருக்கு.

என் காரும் மச்சான் காரும் ஒரே மாடல், ஒரே வருடம். அவருடையது சூரமங்கலத்தில் கிளம்பி ஐந்து ரோடு, சாரதா காலேஜ் ரோடு என்று ஊருக்குள்ளேயே சுற்றுகிறது. எனக்கு வீடு கோரிமேடு, வேலை ஏற்காடு ஒண்டிக்கடைப் பக்கம். வாரத்தில் மூன்று நாள் இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி, இருபதும் இறங்க வேண்டும். அவருடைய முதல் ஜோடி பேடு 50,000 கிலோமீட்டரைத் தாண்டியும் ஓடியது. என்னுடையது 26,000-லேயே கீச்சென்று கத்தியது. அந்தக் கீச் சத்தம், பேடு முடியப்போகிறது என்று சொல்வதற்காகவே வைத்த சின்னத் தகடு டிஸ்க்கில் உரசுவதால் வருவது. அதைக் கேட்டு இரண்டு வாரம் கண்டுகொள்ளாமல் ஓட்டினேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்று ஒரு நாள் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து அடிவாரம் வரை ஏறத்தாழ 1,100 மீட்டர் இறக்கம். ஆளோடு சேர்த்து 1,300 கிலோ எடையுள்ள கார் அத்தனை தூரம் கீழே வரும்போது வெளிவரும் ஆற்றலைக் கொண்டு நாற்பது லிட்டருக்கு மேல் தண்ணீரைக் கொதிக்க வைக்கலாம். கல்யாண வீட்டு அண்டா ஒன்று. இதில் ஒரு பங்கைக் காற்று எடுத்துக்கொள்கிறது. கியரைக் குறைத்து இறங்கினால் இன்ஜின் ஒரு பெரிய பங்கை எடுத்துக்கொள்கிறது. மீதி அத்தனையும் பிரேக்குக்கு, அதிலும் பெரும்பகுதி முன்சக்கரம் இரண்டுக்கு. ஆளுக்கு நாலைந்து கிலோ இரும்புதான் அந்த டிஸ்க். அந்த இரும்புதான் சூட்டை முதலில் வாங்கிக்கொண்டு, பிறகு மெதுவாகக் காற்றுக்கு விட வேண்டும். சிக்னலுக்கு சிக்னல் நிற்கும் மச்சான் காரின் டிஸ்க்குக்கு இடையிடையே ஆற நேரம் கிடைக்கிறது. என் காரின் டிஸ்க்குக்கு அது கிடைப்பதில்லை.

அதனால் எனக்கு முதல் கேள்வி டிஸ்க்கின் கனம்தான். எந்த கம்பெனி பேடு, என்ன விலை என்பதெல்லாம் அப்புறம்.

ஒரு ரூபாய் நாணயமும் வெர்னியரும்

டிஸ்க்கின் ஓரத்திலோ நடுவில் தொப்பி மாதிரி எழும்பி நிற்கும் பகுதியிலோ அது எவ்வளவு வரை தேயலாம் என்ற அளவு பொறித்திருக்கும். துரு மூடியிருக்கும், பெட்ரோல் நனைத்த துணியால் அழுத்தித் துடைத்தால் எழுத்து தெரியும். என்னுடையதில் 18 என்று இருந்தது. புதிதில் அது 20 மில்லிமீட்டர். ஆக, இரண்டு பக்கமும் சேர்த்துத் தேய்வதற்குக் கொடுத்திருப்பதே இரண்டு மில்லிமீட்டர்தான்.

அளப்பதில் ஒரு சிக்கல் உண்டு. பேடு தொடாத வெளி விளிம்பு தேயாமல் உதடு போல நிற்கும். கனம் அளக்கும் வெர்னியர் கருவியை நேரே வைத்தால் அந்த உதட்டைத்தான் அளக்கும், டிஸ்க் புதிது போல 19.8 என்று காட்டும். நான் முதலில் இதில்தான் ஏமாந்தேன். மெக்கானிக் சிரித்துக்கொண்டே சட்டைப்பையிலிருந்து இரண்டு ஒரு ரூபாய் நாணயங்களை எடுத்து, டிஸ்க்கின் இரு பக்கமும் பேடு உரசும் இடத்தில் ஒன்றொன்றாக வைத்து, அதன்மேல் வெர்னியரைப் பிடித்தார். வந்த அளவில் நாணயம் இரண்டின் கனத்தைக் கழித்தால் டிஸ்க்கின் கனம். 18.6. மச்சான் காரிலும் அதே நாணயங்களை வைத்துப் பார்த்தோம்: 19.4.

கடைசலும் புது டிஸ்க்கும்

லேத் கடைக்குச் சேலத்தில் பஞ்சமே இல்லை. தறிக்கும் ஜவ்வரிசி ஆலைக்கும் ஷாஃப்ட் கடைந்து கொடுத்துக் கை பழகியவர்கள். டிஸ்க் ஒன்றுக்கு 400 ரூபாய் கேட்டார்கள். புது டிஸ்க் ஒன்று 2,100. இரண்டு டிஸ்க்குக்கும் சேர்த்து 3,400 ரூபாய் மிச்சம் என்பதால் ஆசை வரத்தான் செய்தது.

என் டிஸ்க்கில் வரிவரியாகப் பள்ளம் விழுந்திருந்தது. நகத்தை வைத்து இழுத்தால் தட்டியது. அதை வழவழப்பாக்க ஒரு பக்கத்துக்கு 0.2 மில்லிமீட்டராவது சீவ வேண்டும். 18.6-லிருந்து 18.2 ஆகிவிடும். காகிதத்தில் அது இன்னும் நல்ல டிஸ்க்தான். ஆனால் அதன்மேல் நான் போடப்போவது புதுப் பேடு. அது பாதி தேய்வதற்குள் டிஸ்க் 18-க்குக் கீழே போய்விடும். அரைப் பேடு மிச்சம் இருக்கும்போதே மறுபடி சக்கரத்தைக் கழற்றி, மறுபடி கூலி கொடுக்க வேண்டும். மெலிந்த டிஸ்க் சீக்கிரம் சூடேறும் என்பது வேறு.

இன்னொரு விஷயம் கடைசலுக்கு எதிராகவே நின்றது. டிஸ்க்கின் மேல் அங்கங்கே நீலமும் ஊதாவுமாகத் திட்டு இருந்தது. வார்ப்பிரும்பு அளவுக்கு மீறிச் சூடாகி ஆறினால் அந்த இடம் சிமென்டைட் என்ற கெட்டியான பொருளாக மாறிவிடுகிறது. லேத் உளி அதன்மேல் வழுக்கிப் போகும், சுற்றியிருக்கும் மென்மையான இரும்பை மட்டும் சீவும். மேலாகப் பார்க்க எல்லாம் சமமாகத் தெரிந்தாலும் திட்டின் வேர் உள்ளேயே இருக்கும். சில ஆயிரம் கிலோமீட்டரில் அந்த இடம் மேடு தட்டி, பிரேக் பிடிக்கும்போது பெடல் காலடியில் துடிக்கும். 'டிஸ்க் வளைஞ்சு போச்சு' என்று நாம் சொல்வதில் பெரும்பாலும் வளைவு இருப்பதில்லை. கனம் இடத்துக்கு இடம் மாறுபடுவதுதான் காரணம். மனிதத் தலைமுடியை விட மெல்லிய வேறுபாடே ஸ்டீயரிங் வரை வந்து ஆட்டும்.

இதற்காகக் கடைசலை ஒரேயடியாக ஒதுக்க வேண்டியதில்லை. டிஸ்க்கில் 19-க்கு மேல் கனம் இருந்து, நீலத் திட்டு இல்லாமல், மழையில் நிறுத்தி வைத்த துருவோ லேசான வரியோ மட்டும் என்றால் கடைசல் நல்ல வேலை. லேத்தில் பொருத்தும்போது, டிஸ்க்கில் ஹப்பின்மேல் (சக்கரத்தைத் தாங்கும் நடுப்பகுதி) உட்காரும் முகத்தைச் சுத்தம் செய்து, அதை வைத்தே மையம் பார்க்கிறார்களா என்று மட்டும் பக்கத்தில் நின்று பாருங்கள். பார்க்காமல் கடைந்தால், இருந்த கோணலை விடப் புதுக் கோணல் பெரிதாகிவிடும்.

மச்சான் காரில் அதுகூடத் தேவைப்படவில்லை. 19.4, வழவழப்பு, நகம் தட்டவில்லை. ஓரத்து உதட்டை மட்டும் கொஞ்சம் தேய்த்துவிட்டு, மேற்பரப்பை உப்புத்தாளால் லேசாகச் சொரசொரப்பாக்கிப் பேடு போட்டாயிற்று. 2,650 ரூபாயில் வேலை முடிந்தது. அன்றைக்கு அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

பேடு விஷயம்

இதில் நீட்டிப் பேச அதிகம் இல்லை. கார் கம்பெனி டப்பாவில் வருவது ஒரு வகை. ரானே, பாஷ், சென்னை பாடியிலிருக்கும் பிரேக்ஸ் இந்தியா போன்ற பெயருள்ள தயாரிப்புகள் இன்னொரு வகை. மூன்றாவது, பெயரில்லாத டப்பாவில் பாதி விலைக்குக் கிடைப்பது. முதல் இரண்டில் எது கிடைத்தாலும் எனக்குச் சம்மதம், பில் இருக்க வேண்டும், டப்பா பிரிக்காததாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். மூன்றாவதை மலைக்குப் போகிற காரில் இனாமாகக் கொடுத்தாலும் போட மாட்டேன். சூடேறினால் பேடிலிருக்கும் பிசின் ஆவியாகிப் பிடிப்பு குறையும். எவ்வளவு சூட்டில் குறைகிறது என்பதில்தான் நல்ல பேடுக்கும் மற்றதற்கும் வித்தியாசம், அதைக் கடையில் வைத்துக் கண்டுபிடிக்க முடியாது.

செராமிக் பேடு வாங்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. தூசி குறைவு, சத்தம் குறைவு, அலாய் வீல் கறுக்காது. ஊருக்குள் ஓட்டுகிறவர்களுக்கு நல்லது. உலோகத்தூள் கலந்த பேடு சூட்டை நன்றாகத் தாங்கும். பதிலுக்குச் சத்தமும் போடும், டிஸ்க்கையும் கொஞ்சம் கூடுதலாகத் தின்னும். நான் கம்பெனி பேடிலேயே நின்றுவிட்டேன். அந்தக் காருக்கென்று பார்த்து வைத்த கலவை அது.

யார் கையில் கொடுப்பது

போன முறை பேடு மாற்றியது ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்பில். பெயர் வேண்டாம். முக்கால் மணி நேரத்தில் சாவியைக் கையில் கொடுத்துவிட்டார்கள், எனக்கும் அது பெருமையாகத்தான் இருந்தது. இந்த முறை கழற்றிப் பார்த்தபோது இடது சக்கரத்தில் வெளிப்பக்கப் பேடில் ஐந்து மில்லிமீட்டர் மிச்சம், உள்பக்கப் பேடில் ஒன்றுமே இல்லை. இரும்புத் தட்டு பளபளவென்று தெரிந்தது. ஒரே சக்கரத்தில் இப்படி. பேடுகளை டிஸ்க்கின்மேல் அழுத்தும் காலிப்பர் முன்னும் பின்னும் நகர்வதற்கு இரண்டு ஸ்லைடு பின் உண்டு. அதில் ஒன்று துருவேறி இறுகிப் போயிருந்தது. ரப்பர் உறைக்குள் கிரீஸ் காய்ந்து மெழுகு மாதிரி இருந்தது. போன முறை அதைக் கழற்றவே இல்லை என்று பார்த்தவுடன் தெரிந்தது. வெளியிலிருந்து சக்கர இடுக்கு வழியாக எட்டிப் பார்த்து 'இன்னும் இருக்கே' என்று நான் நினைத்ததெல்லாம் அந்த வெளிப்பேடைப் பார்த்துத்தான்.

இந்த மெக்கானிக் பின் இரண்டையும் உருவி, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, பிரேக்குக்கென்று இருக்கும் கிரீஸைத் தடவினார். ஹப்பின் முகத்தில் இருந்த துருவைச் சுரண்டி எடுத்த பிறகுதான் டிஸ்க்கை உட்கார வைத்தார். அங்கே ஒரு துருத் துணுக்கு மாட்டிக்கொண்டாலே புது டிஸ்க்கும் ஆடும். புது டிஸ்க்கில் துரு பிடிக்காமலிருக்க எண்ணெய் பூசியிருப்பார்கள். அதையும் மறக்காமல் துடைத்தார். காலிப்பரைப் பிரேக் ஆயில் வரும் ஹோஸில் தொங்க விடாமல் ஒரு கம்பியால் கட்டி வைத்தார். ஒன்றரை மணி நேரம் ஆனது. கூலி 700.

கணக்கு இப்படி வந்தது: பேடு 2,150, டிஸ்க் இரண்டு 4,200, கூலி 700, பிரேக் ஆயில் 350, மொத்தம் 7,400. சர்வீஸ் சென்டரில் இதே வேலைக்கு 9,800 சொன்னார்கள். கூடுதல் 2,400-க்கு அங்கே ரசீதும் வாரன்டியும் கிடைக்கும். கார் வாரன்டியில் இருப்பவர்கள், தெரிந்த மெக்கானிக் இல்லாதவர்கள் அங்கேயே போவது நல்லது. போனால் "ஸ்லைடு பின் கழற்றி கிரீஸ் வைக்க வேண்டும்" என்று ஜாப் கார்டில் எழுதச் சொல்லுங்கள். எழுதினால்தான் செய்வார்கள்.

சொந்தமாகச் செய்யலாமா? செய்யலாம், கஷ்டமான வேலை இல்லை. ஆனால் ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் கை விடக் கூடாது, ஸ்டாண்ட் கட்டாயம். பேடை அழுத்தும் பிஸ்டனை உள்ளே தள்ளும்போது பிரேக் ஆயில் டப்பா நிரம்பி வழியலாம், அது பெயின்ட்டைத் தின்றுவிடும். பழைய பேடு தூசியை வாயால் ஊதாதீர்கள். எல்லாம் மாட்டிய பிறகு வண்டியை நகர்த்துவதற்கு முன்னால் பெடலைப் பல முறை அழுத்திக் கெட்டியாக்க வேண்டும். முதல் மிதியில் பெடல் தரை வரை போகும். கேட்டுக்கு வெளியே போய் அதைத் தெரிந்துகொள்ள வேண்டாம்.

ஆயிலும் முதல் நூறு கிலோமீட்டரும்

பேடும் டிஸ்க்கும் புதிதாக இருந்து பிரேக் ஆயில் பழையதாக இருந்தால் மலையில் அர்த்தமில்லை. அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். டாட் 4 என்ற ரக ஆயில் புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 230 டிகிரி. ஈரம் ஏறிவிட்டால் 155 வரை இறங்கலாம். டாட் 3 என்றால் 205, 140. இறக்கத்தில் ஆயில் கொதித்து ஆவி வந்தால் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றும் 350 ரூபாய், இந்தப் பில்லிலேயே எனக்குப் பிடித்த 350 ரூபாய்.

புதுப் பேடு போட்ட கையோடு ஏற்காடு போகாதீர்கள். பேடும் டிஸ்க்கும் ஒன்றோடொன்று பழக வேண்டும். நான் விடியற்காலையில் ஸ்டீல் பிளான்ட் ரோட்டில், பின்னால் வண்டி இல்லாதபோது, 60-லிருந்து 20 வரை மிதமாகப் பிரேக் பிடித்து, நிறுத்தாமல் மறுபடி வேகமெடுத்து, பத்து முறை செய்தேன். நாலாவது ஐந்தாவது முறை கருகல் வாடை வந்தது. அது பேடில் வழக்கமான வாடைதான். பிறகு பிரேக்கை அதிகம் தொடாமல் கோரிமேடு வரை ஆறவிட்டு வந்தேன்.

இப்போது மூன்று மாதம் ஆகிறது. போன வாரம் மறுபடி நாணயம் வைத்துப் பார்த்தேன், 19.9. மச்சான் இன்னும் "டிஸ்க்கைத் தொடவே தொடாதீங்க" கட்சியில்தான் இருக்கிறார். மே மாதம் மலர்க் கண்காட்சிக்குக் குடும்பத்தோடு அவர் காரிலேயே மேலே வரப்போகிறாராம். ஆறு பேர், டிக்கி நிறையச் சாமான். இறங்கும்போது இரண்டாம் கியரை விட்டு மாறவே கூடாது என்று அவர் மனைவியிடம் சொல்லி வைத்திருக்கிறேன். மச்சானிடம் சொன்னால் கேட்க மாட்டார்.