லுவாவா, பைதானா? ஆம்பூர் கூலிக் கணக்குக்கு நான் எடுத்தது

ஆம்பூர் பக்கம் ஷூ அப்பர் தைக்கும் யூனிட்டுகளுக்காக நான் எழுதிய பீஸ் ரேட் கூலிக் கணக்கு மென்பொருளை வேலூரிலிருந்து கவனித்துக்கொள்கிறேன். அடிப்படைக் கணக்கு எல்லோருக்கும் ஒன்றுதான், ஆனால் யூனிட்டுக்கு யூனிட் ஒரு தனி விதி கேட்பார்கள். அந்த விதிகளை ஸ்கிரிப்டாக, அதாவது தனிக் குட்டி நிரலாக, வெளியே வைக்க பைதான், லுவா என்ற இரண்டு நிரல் மொழிகளையும் வைத்துப் பார்த்துவிட்டு லுவாவை எடுத்தேன்.

பைதானின் பலம் தெரிந்ததுதான். லைப்ரரி ஏராளம், காட்பாடியில் படித்து வரும் பிள்ளைகளுக்கும் தெரியும்.

என்னை லுவா பக்கம் இழுத்தது பராமரிப்பு. முன்பு ஒரே ஒரு யூனிட் கேட்டதற்காக, ஒவ்வொரு பண்டலுக்கும் பழைய பாக்கியைத் தேடும் வேலையைக் கோருக்குள்ளேயே, அதாவது எல்லோருக்கும் பொதுவான அடிப்படை நிரலுக்குள்ளேயே, போட்டேன். மாதக் கடைசியில் எல்லா யூனிட்டுக்கும் கணக்கு இழுத்தது. கேட்டவர்கள் அந்த முறையை விட்ட பிறகும், வேறு யாராவது அதை நம்பியிருப்பார்களோ என்று எடுக்க எனக்குக் கை வரவில்லை.

இதற்கு நேர்மாறாக, 1993-இல் ரியோ டி ஜெனிரோவில் பிறந்த லுவாவில், அதை உருவாக்கிய மூவரும் ஒத்துக்கொண்டால்தான் புது வசதி உள்ளே வரும். லூப்பில் ஒரு சுற்றை மட்டும் தாண்டிப் போகும் கன்டினியூ கட்டளை இன்னும் இல்லை, 2011-இல் 5.2 பதிப்பில் வந்த, நிரலில் வேறு இடத்துக்குத் தாவும் கோட்டூவை வைத்துச் சமாளிக்க வேண்டும். முதல் வாரம் எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் பிடிவாதத்தால்தான் 5.4 சுமார் 30,000 வரி சி நிரலோடு நிற்கிறது, சிக்கல் வந்தால் நானே திறந்து படிக்க முடிகிறது. அவர்கள் எதையுமே சேர்ப்பதில்லை என்றும் இல்லை. 2015-இல் 5.3-இல் முழு எண்ணைத் தனி வகையாக்கினார்கள், ஒவ்வொரு கூட்டலிலும் எந்த வகை என்று பார்க்கும் செலவு கூடியது, ஆனால் அது எல்லோருக்கும் பயன்படுகிறது. பைசாக் கணக்குக்கு எனக்கே வேண்டியிருந்தது.

பைதானும் இதில் அசட்டையாக இல்லை. ஒரு நேரத்தில் ஒரு திரெட்டை (நிரலுக்குள் ஓடும் ஒரு வேலை இழையை) மட்டும் ஓடவிடும் ஜில் பூட்டு இல்லாத வடிவத்தை 2024-இல் 3.13 பதிப்பில் தனி பில்டாகத்தான் கொடுத்தார்கள். ஒற்றைத் திரெட் நிரல் அதில் சுமார் 40% மெதுவாக ஓடியது, 3.14-இல் அந்த வேகக் குறைவு 5 முதல் 10 சதவீதமாக இறங்கியது. எல்லோர் தலையிலும் அதைக் கட்டாதது சரியான முடிவு.

லுவாவில் பதிப்பு மாறினால் பழைய நிரல் உடையும், 5.2-இல் செட்எஃப்என்வி என்ற ஃபங்ஷன் நீக்கப்பட்டது போல. நான் 5.4-ஐ மென்பொருளோடு சேர்த்தே கொடுப்பதால் அது என்னைத் தொடவில்லை. போன மாதம் வாணியம்பாடி யூனிட் ஒன்று ரம்ஜான் போனஸ் விதி கேட்டது, 14 வரி ஸ்கிரிப்டில் முடிந்தது, கோரைத் தொடவே இல்லை. கேமராப் படத்தை வைத்துத் தோல் தரம் பிரிக்கும் வேலையை மட்டும் லுவாவில் நான் முயன்றதில்லை, அப்படி ஒன்று வந்தால் பைதானைத்தான் எடுப்பேன்.