கசியோ 991 ஈஎஸ் பிளஸ்: அடைப்புக்குள் இருப்பது என்ன?

மட்டக்களப்பு கல்லடியில் ரியூசன் எடுக்கும் நான் இந்தக் கல்குலேட்டரைப் பல வருடமாக வைத்திருக்கிறேன். சைன், கொசைனைவிட நான் அதிகம் அமுக்குவது பாகை-கலை-விகலைப் பட்டனுக்கு மேலே சின்னதாக அச்சடித்திருக்கும் ‘ஃபேக்ட்’. எண்ணை அடித்து, சமன் போட்டு, ஷிஃப்டோடு அதை அமுக்கினால் முதன்மைக் காரணிகள் வந்துவிடும். 1729 கொடுத்தால் 7×13×19. இப்படியொன்று இருப்பதே பலருக்குத் தெரியாது.

பிள்ளைகளுக்குத் தெரிந்துவிட்டால் அவ்வளவுதான். போன் நம்பர், பிறந்த திகதி, ஒன்றையும் விடமாட்டார்கள். பத்து இலக்கம் வரைதான் தாங்கும் என்பதால் பழைய அடையாள அட்டையின் ஒன்பது இலக்கம் உள்ளே போகும், புதியதன் பன்னிரண்டு போகாது.

விசயமே அடைப்புக்குறியில்தான் இருக்கிறது. இது மூன்று இலக்க முதன்மை எண்கள் வரை, அதாவது 997 வரைதான் வகுத்துப் பார்க்கும். அடுத்த முதன்மை எண் 1009. ஆகவே அந்தக் காரணிகளை எடுத்தபின் மிஞ்சும் எண் 1009இன் வர்க்கமான 1018081ஐவிடச் சின்னதென்றால் அது முதன்மை எண்ணேதான். அதற்கு மேலே போனால் முதன்மை எண்ணா இல்லையா என்று கல்குலேட்டர் ஒன்றும் சொல்லாமல் அதை அடைப்புக்குள் போட்டுவிடும்.

4294967297ஐ அடித்துப் பாருங்கள். 2³²+1, முதன்மை எண் என்று கணித மேதை ஃபெர்மா நம்பியது, 1732இல் இன்னொரு கணித மேதை ஒயிலர் உடைத்தது. திரையில் 641×(6700417) வரும். அடைப்பிலிருப்பது முதன்மை எண்தான். சரி, இப்போது 1234567890. வருவது 2×3²×5×(13717421). அதே அடைப்பு, ஆனால் இது முதன்மை எண் இல்லை!

“சேர், அப்ப எப்படிக் கண்டுபிடிக்கிறது?” என்று கட்டாயம் ஒரு பிள்ளை கேட்கும். அதற்கும் ஃபெர்மாவின் வழியே இருக்கிறது. 13717421இன் வர்க்கமூலம் 3703.7 அளவில் வரும். 3704இன் வர்க்கத்திலிருந்து எண்ணைக் கழித்தால் 2195, நிறைவர்க்கம் இல்லை. 3705க்குக் கழித்தால் 9604, அதாவது 98இன் வர்க்கம். ஆகவே 3705−98, 3705+98: 3607×3803. இரண்டே படிதான். காரணிகள் கிட்டக்கிட்ட இருந்ததால் வந்த அதிர்ஷ்டம், எல்லா எண்ணுக்கும் இப்படி நடக்காது. அடைப்பை அப்படியே முதன்மை எண் என்று எடுத்த பிள்ளை, 1234567890ஐ மீதியின்றி வகுக்கும் காரணிகள் மொத்தம் எத்தனை என்றால் 24 என்று எழுதும். விடை 48.

பத்து இலக்கத்தைத் தாண்டினால் மடிகணினியில் பாரி/ஜிபி என்ற கணித மென்பொருளைப் போட்டுக்கொள்கிறேன், இலவசம். 2⁶⁴+1ஐ 274177×67280421310721 என்று உடனே பிரித்துத் தரும். வகுப்பில் அதைத் திறப்பதில்லை. விடையைக் கண்டதும் பிள்ளைகள் பேனையை வைத்துவிடுவார்கள்.

மற்றபடி சூரிய ஒளித் தகடும் எல்ஆர்44 பற்றரியும் சேர்ந்து ஓடுவதால் மின்சாரக் கவலை இல்லை. கடற்காற்றுக்கு உறையைப் போட்டே வைக்கிறேன். வாங்கப்போகிறவர்கள் பட்டனுக்கு மேலே ஃபேக்ட் என்ற அச்சு இருக்கிறதா என்று கடையிலேயே பார்த்துவிடுங்கள். பழைய 991 எம்எஸ்ஸில் அது இல்லை.