அம்மா பார்க்காத டிவிக்கு நான் கட்டிய பணம்

போன டிசம்பரில் கிறிஸ்துமஸுக்காக மூன்று வாரம் ஊருக்குப் போயிருந்தேன். திருவனந்தபுரத்தில் இறங்கி, களியக்காவிளை, குழித்துறைப் பாலம், மார்த்தாண்டம் மேம்பாலம் எல்லாம் தாண்டி, குமரி மாவட்டத்தில் கருங்கல் பக்கத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்து சேர ராத்திரி எட்டரை ஆகிவிட்டது. அம்மா சீரியல் பார்க்கும் நேரம் அது. டிவி ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் திரையில் படம் இல்லை, சந்தா முடிந்துவிட்டது என்ற அறிவிப்பு மட்டும் நின்றது.

"ரெண்டு நாளாட்டு இப்படித்தான் மக்ளே. நீ வருவல்லா, வந்தப் பொறவு சொல்லலாம்ணு இருந்தேன்" என்றார் அம்மா.

74 வயதில் தனியாக இருக்கிறவருக்கு அந்தப் பெட்டிதான் சாயங்காலத்துப் பேச்சுத்துணை. இரண்டு நாள் அது ஊமையாக இருந்திருக்கிறது. எனக்குப் பைசாச் செலவு என்று நினைத்து அவர் போன் செய்யவில்லை. ஹூஸ்டனில் இருந்து ஆறு மாதத்துக்கு ஒருமுறை கேபிள் தம்பிக்கு 3,300 ரூபாய் அனுப்புவது நான். இந்த முறை பயண வேலையில் மறந்துவிட்டேன். அப்போதே போனில் பணம் போட்டேன், பத்து நிமிடத்தில் படம் வந்தது. அன்றைக்குப் பிரச்சினை முடிந்தது. ஆனால் அந்த 3,300 மனதில் தங்கிவிட்டது. ஆறு மாதத்துக்கு 3,300 என்றால் மாதம் 550. முதலில் நான் அனுப்பியது மாதம் 250 கணக்கில்தானே?

மறுநாள் காலையில் முன்வராந்தாவில் உட்கார்ந்து, வங்கிக் கணக்கைத் திறந்து, நான்கு வருடக் கணக்கையும் ஒரு தாளில் எழுதினேன். முன்பே செய்திருக்க வேண்டிய வேலை.

இன்டர்நெட் இணைப்பை 2020 ஊரடங்கில் எடுத்தோம். அப்போது அப்பா இருந்தார். வீடியோ காலில் பேத்தியின் முகம் பார்க்க வேண்டும் என்று அவரே ஆள் பிடித்து, கமுகு மரத்தில் இருந்து வீட்டுக்கு ஃபைபர் இழுக்க வைத்தார். திட்டம் 499 ரூபாய், 18 சதவீத ஜிஎஸ்டி 89.82, மொத்தம் 588.82. என் வங்கிக் கணக்கில் இருந்து தானாகவே போகும்படி செய்துவைத்தேன். அதன்பிறகு அந்தப் பக்கமே நான் திரும்பிப் பார்க்கவில்லை. இப்போது போய்க்கொண்டிருந்தது 1,060.82. பில்லைத் தேடிப் பிடித்துப் பார்த்தபோது திட்டம் 699 ஆகியிருந்தது. ரவுட்டர் வாடகை 50. ஓடிடி பேக் 150. இந்த மூன்றின் தலையிலும் வரி.

அம்மாவின் டிவி பழைய டிவி. அதில் ஓடிடி வரவே வராது. மூன்று மாதம் இலவசம் என்று சேர்த்து, நான்காம் மாதத்தில் இருந்து காசு பிடித்திருக்கிறார்கள். வரியோடு மாதம் 177 ரூபாய். எண்ணிப் பார்த்தால் 26 மாதம். 4,602 ரூபாய். யாரும் ஒரு நாள்கூடத் திறந்து பார்க்காத ஒரு சேவைக்குப் போன பணம்.

அமெரிக்காவில் எனக்கு இந்த வித்தை புதிதில்லை. அங்கே கேபிள் விளம்பரத்தில் ஒரு விலை இருக்கும். பில்லில் உள்ளூர்ச் சேனல் கட்டணம், விளையாட்டுச் சேனல் கட்டணம், மோடம் வாடகை என்று கீழே கீழே ஒவ்வொன்றாக முளைக்கும். சனங்கள் வருடக்கணக்கில் சத்தம் போட்டதன் பலனாக 2024 ஏப்ரல் 10 முதல் பெரிய இன்டர்நெட் நிறுவனங்கள், சாப்பாட்டுப் பொட்டலத்தின் பின்பக்கம் இருக்கும் அட்டவணை மாதிரி, விலையையும் எல்லாக் கட்டணத்தையும் ஒரே இடத்தில் காட்டியாக வேண்டும் என்று அந்நாட்டுத் தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்சிசியின் உத்தரவு நடைமுறைக்கு வந்தது. அங்கே ஒவ்வொரு மாதமும் பில்லை வரிவரியாகப் படிக்கிற நான், அம்மா வீட்டு பில்லை நான்கு வருடம் படிக்கவில்லை. இதைச் சொல்ல எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

ஓடிடி பேக்கை எடுத்துவிடச் சொல்லி வாடிக்கையாளர் சேவைக்குப் போன் செய்தேன். பதிவு செய்த எண்ணுக்கு ஓடிபி வரும், அதைச் சொல்லுங்கள் என்றார்கள். பதிவாகியிருந்தது அப்பாவின் எண். அவர் 2022இல் போய்விட்டார். அந்த சிம்முக்கு அதன்பிறகு யாரும் ரீசார்ஜ் செய்யவில்லை. ஒருவேளை இன்னும் உயிரோடு இருக்குமோ என்று அந்த எண்ணுக்குக் கூப்பிட்டேன். மணி அடித்தது. யாரோ ஒருவர் எடுத்து, "யாரு?" என்றார். எண் வேறொருவருக்குப் போய்விட்டிருந்தது. பதில் சொல்ல முடியாமல் வைத்துவிட்டேன். வெகுநேரம் அந்த வராந்தாவிலேயே இருந்தேன்.

பிறகு மார்த்தாண்டத்தில் அவர்களுடைய அலுவலகம். மாடியில் இருக்கிறது, லிஃப்ட் இல்லை. பெயர் மாற்ற அம்மாவே நேரில் வர வேண்டும் என்றார்கள். அப்பாவின் இறப்புச் சான்றிதழ், அம்மாவின் ஆதார், கையெழுத்து. முதல் நாள் சான்றிதழ் நகல் போதாது என்று திருப்பி அனுப்பினார்கள். இரண்டாம் நாளும் அம்மா முட்டியைப் பிடித்துக்கொண்டு அந்தப் படிகளில் ஏறினார். ஒரு சேவையைச் சேர்க்கும்போது யாரும் படியேறவில்லை, யாரும் கையெழுத்துப் போடவில்லை. எடுக்கும்போது மட்டும் இத்தனை தாள். கவுண்டரில் இருந்த பெண்ணிடம் இதைச் சொன்னேன். அவர் மரியாதையாகவே கேட்டுக்கொண்டார், கடைசி இரண்டு மாதத்துக்கான 354 ரூபாயைத் திரும்ப வரவு வைத்தார். அதற்கு மேல் தன் கையில் இல்லை என்றார். நம்பினேன். வேகம் குறைந்த, 450 ரூபாய்த் திட்டத்துக்கு மாற்றிக்கொண்டோம். வரியோடு 531. வீடியோ கால் தெளிவாகத்தான் வருகிறது.

அடுத்தது கேபிள். அம்மாவுக்கு ஓர்மை இருக்கும் விலை 70 ரூபாய். 2011இல் அரசு கேபிள் தொடங்கியபோது மாதக் கட்டணம் அதுதான். அங்கிருந்து இங்கே எப்படி வந்தோம் என்பதை ஊர்க்காரர்கள் தெரிந்துகொள்வது நல்லது. 2019 பிப்ரவரியில், தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் புதிய கட்டண முறை வந்தது. அதில் இரண்டு கட்டணம். ஒன்று, கம்பி இழுத்து வீடுவரை கொண்டுவருவதற்கான நெட்வொர்க் கட்டணம். 100 சேனல் வரை 130 ரூபாய்தான் உச்சம், வரி சேர்த்தால் 153.40. இன்னொன்று, கட்டணச் சேனல்களின் விலை. 2020இல் அதே 130 ரூபாய்க்கு 200 சேனல் தர வேண்டும் என்று மாற்றினார்கள். ஒரு சேனலைப் பேக்கில் சேர்க்க வேண்டுமானால் அதன் தனி விலை இத்தனைக்கு மேல் போகக்கூடாது என்ற உச்சம் முதலில் 19 ரூபாய். அதை 12 ஆகக் குறைத்தார்கள். சேனல் நிறுவனங்கள் நீதிமன்றம் போயின. 2023 பிப்ரவரியில் மறுபடி 19 ஆனது. 2024 ஜூலையில் அந்த 130 ரூபாய் உச்சத்தையே எடுத்துவிட்டார்கள். இப்போது நெட்வொர்க் கட்டணத்தை நிறுவனங்களே நிர்ணயித்து வெளியிடலாம். அதே ஜூலைத் தொடக்கத்தில்தான் மூன்று பெரிய தனியார் நிறுவனங்களும் மொபைல் ரீசார்ஜ் விலையையும் ஏற்றின. ஒரு வீட்டில் டிவி, போன் இரண்டுக்கும் ஒரே வருடத்தில் செலவு ஏற வழி பிறந்தது இப்படித்தான்.

எங்கள் பக்கத்துக்கென்று இன்னொரு செலவும் உண்டு. 1956 நவம்பர் 1 வரை நாங்கள் திருவிதாங்கூர்-கொச்சி. அம்மா பள்ளியில் முதலில் படித்தது மலையாளம். ராத்திரி சீரியல் தமிழில், செய்தி மலையாளத்தில், இதுதான் அவர் பழக்கம். விளவங்கோடு, கல்குளம் பக்கம் எத்தனையோ வீடுகளில் இப்படித்தான். ஆனால் பேக் போடுகிறவர்கள் தமிழ்நாட்டுக்கு ஒரு பேக், கேரளாவுக்கு ஒரு பேக் என்றுதான் போடுகிறார்கள். இரண்டு மொழியும் வேண்டுமென்றால் தமிழ்ப் பேக்குக்கு மேல் மலையாளத்துக்குத் தனியாகக் கொடுக்க வேண்டும். எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே குடும்பமாக வாழும் சனங்களை இந்தக் கணக்கு போடுகிறவர்கள் நினைத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை.

கேபிள் தம்பியை வீட்டுக்கு வரச் சொன்னேன். எனக்குப் பள்ளியில் நான்கு வகுப்பு இளையவர். பைக்கில் வந்தார். அம்மா சாயா போட்டுக் கொடுத்தார். தாளை அவரிடம் காட்டினேன். முதல் பெட்டிக்கு 350, மாடி அறையில் இருக்கும் இரண்டாவது பெட்டிக்கு 200. மாடி அறை அப்பா படுத்த அறை. அவர் போனபிறகு அங்கே யாரும் டிவி போட்டதில்லை.

"மேல டிவி ஓடல்லண்ணு எனக்கு யாரும் சொல்லல்ல அக்கா. சொல்லியிருந்தா அண்ணைக்கே எடுத்திருப்பேன்" என்றார். அதுவும் உண்மைதான்.

பிறகு அவர் சொன்னது ஒன்று இன்னும் என் காதில் இருக்கிறது. "முன்னாடி நாங்க வீட்டுக்கு வீடு வந்து பைசா வேங்குவோம் அக்கா. பத்து ரூவா கூட்டினா, வாசல்லயே பிடிச்சு நிறுத்திக் கேப்பாவ, எதுக்குடே கூடுதலுண்ணு. பதில் சொல்லாம நகர முடியாது. இப்ப பாதி வீட்டுக்கு வெளியில இருந்து பிள்ளைகதான் போடுதாவ. ஒருத்தரும் கேக்கல்ல."

டிவி பார்க்கிறவர் பணம் கட்டுவதில்லை, பணம் கட்டுகிறவர் அதைப் பார்ப்பதில்லை. எங்கள் ஊரில் வளைகுடாவிலும் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பிள்ளைகள் இருக்கும் வீடுகள் எத்தனை! அங்கே டாலரிலும் திர்ஹாமிலும் சம்பாதிக்கிறவருக்கு 150 ரூபாய் கண்ணில் படாது. வீட்டில் இருக்கிற அம்மாவுக்கோ, பிள்ளை பார்த்துக்கொள்வான் என்ற எண்ணம். அந்த இடைவெளியில் ஒவ்வொரு புதுக் கட்டணமும் எதிர்க்கேள்வி இல்லாமல் உள்ளே வந்து உட்காருகிறது. நாங்கள் கேட்காமல் கட்டுவதால், அதே விலை பக்கத்து வீட்டில் ரப்பர் வெட்டிப் பிழைக்கிறவருக்கும் வந்துவிடுகிறது. அவருக்கு 150 ரூபாய் சின்னத் தொகை இல்லை. இதுதான் எனக்கு மிகவும் உறுத்தியது.

கேபிள் தம்பி மேல் எனக்குக் கோபம் இல்லை. நெட்வொர்க் கட்டணம் 130 ரூபாய் என்று வைத்தால், தனியாக ஒப்பந்தம் ஏதும் பேசிக்கொள்ளாவிட்டால், அதில் நூற்றுக்கு 55 பங்கு மேலே இருக்கும் நிறுவனத்துக்கு, 45 பங்கு உள்ளூர் ஆபரேட்டருக்கு. அதாவது 58 ரூபாய் 50 பைசா. அதில்தான் அவர் ஆள் வைத்து, ரப்பர்க் கொம்பு ஒடிந்து விழுந்த கம்பியைக் கட்ட வேண்டும். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடித்தபோது இந்த மாவட்டத்தில் நின்ற மரங்களைவிட விழுந்த மரங்கள்தான் கண்ணில் பட்டன. கரண்டு வந்தபிறகும் கேபிள் வரப் பல நாள் ஆன வீடுகள் உண்டு. அவருடைய வரிசையில் பாதிக் கம்பியைக் கடன் வாங்கித்தான் மறுபடி இழுத்ததாகச் சொன்னார். இப்போது சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீடுகள் எல்லாம் கேபிளை விட்டு ஓடிடிக்குப் போகின்றன. மிச்சம் இருப்பது அம்மா போன்ற வயதானவர்கள். போனவர்களின் செலவும் இருக்கிறவர்கள் தலையில்தான் ஏறுகிறது.

நான் அவரிடம் கேட்டது ஒன்றே ஒன்று. ஒவ்வொரு முறையும் எதற்கு எவ்வளவு என்று தமிழில் எழுதின ரசீது வேண்டும். நெட்வொர்க் கட்டணம் இவ்வளவு, தமிழ்ப் பேக் இவ்வளவு, மலையாளப் பேக் இவ்வளவு, வரி இவ்வளவு. ஒன்று அம்மா கையில், அதையே படம் பிடித்து எனக்கு வாட்ஸ்அப்பில். அவர் சம்மதித்தார். மாடிப் பெட்டியைக் கழற்றிக்கொண்டு போனார். அம்மா பார்க்கும் சேனல்களை மட்டும் அம்மாவின் வாயாலேயே சொல்ல வைத்துக் குறித்துக்கொண்டார். மாதம் 280 ஆனது. டிவியும் நெட்டும் சேர்த்து முன்பு 1,610.82, இப்போது 811. ஊரில் இருக்கும் அப்பா அம்மாவுக்காக வெளியில் இருந்து கட்டுகிறவர்கள், அடுத்த முறை போகும்போது ஒரு காலைப்பொழுதை இதற்கு ஒதுக்குங்கள். பதிவான போன் எண் யாருடையது என்று முதலில் பாருங்கள். சரியான பதில் கிடைக்காவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. நாகர்கோவில் கலெக்டர் அலுவலகத்தில் திங்கள்கிழமை தோறும் மனு வாங்குகிறார்கள்.

கிளம்புவதற்கு முந்தின நாள் சாயங்காலம், கோயில் காலண்டரில் அந்த மாதத் தாளின் ஓரத்தில் அம்மா பென்சிலால் 280 என்றும் 531 என்றும் எழுதி வைத்திருந்தார். குடிலை நான் பிரித்துக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டுச் சித்தி வந்தார். கையில் நான்காக மடித்த ஒரு பில். "உனக்க அம்ம சொன்னா. இதையும் ஒண்ணு நோக்கித் தா மோளே. இங்கிலீஷ்ல இருக்கு, எனக்கு ஒண்ணும் பிடிகிட்டல்ல" என்றார்.

துபாயில் இருக்கும் அவர் மகனுக்கு அந்த பில்லைப் படம் எடுத்து அனுப்பினேன். ஐந்து நிமிடத்தில் அவன் கூப்பிட்டான்.

"அக்கா, இதுல ரவுட்டர் வாடகைண்ணு போட்டிருக்கே. ரவுட்டர் நான் இங்கேயிருந்து வாங்கிக் கொடுத்துவிட்டதுல்லா?"