பதிவும் செய்யும் என்று சொல்லி விற்கப்படும் தானியங்கி பியானோ: பணம் கொடுப்பதற்கு முன்பு படியுங்கள்

தானாக வாசிக்கும் பழைய பியானோவை வாங்கி, வீட்டில் ஒருவர் வாசிப்பதைக் கம்ப்யூட்டரில் மிடியாகப் பதிவு செய்ய நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். டொராண்டோவில் பழைய பியானோ விற்கும் ஒரு கடை எங்களை ஏமாற்றியது. அதே பேச்சைக் கேட்டு இன்னொரு குடும்பமும் பணத்தை இழக்கக் கூடாது.

என் மாமியார் பாளையங்கோட்டையில் நெடுங்காலம் தேவாலயத்தில் ஆர்கன் வாசித்தவர். வேதநாயக சாஸ்திரியாரின் கீர்த்தனைகளுக்கு அவர் இடது கையில் சேர்க்கும் சுரங்கள் எந்தப் புத்தகத்திலும் இல்லை. விரல்களில் மூட்டுவலி தொடங்கிவிட்டதால் எங்களுக்கு அவசரம். வெறும் ஒலிப்பதிவு போதாது. மிடி என்றால் எந்தக் கட்டை, எந்த நொடியில், எவ்வளவு வேகத்தில் அழுந்தியது, எப்போது மேலே வந்தது என்பதெல்லாம் எண்களாகக் கிடைக்கும். மியூஸ்ஸ்கோர் போன்ற இலவச மென்பொருளில் அதைத் திறந்து, திருத்தி, இசைக்குறிப்பாக அச்சிடலாம். டிஜிட்டல் கீபோர்டில் அத்தைக்கு மனம் ஒட்டவில்லை. தந்தியும் சுத்தியலும் உள்ள நிஜப் பியானோ வேண்டும் என்றார். அதனால்தான் இந்தத் தேடல்.

கடையில் ஒரு சிறிய கிராண்ட் பியானோ. பின்னாளில் தானியங்கிக் கருவி பொருத்தப்பட்டது. பக்கத்தில் லேப்டாப். கட்டைகள் தாமாக இறங்கி ஏற, அதே வேளையில் திரையில் பச்சைக் கோடுகள் வரிசையாக ஓடின. "பாருங்கள், பியானோவில் விழுவதெல்லாம் கம்ப்யூட்டரில் பதிவாகிறது" என்றார் விற்பனையாளர். நடந்ததோ நேர் எதிரானது. லேப்டாப்பில் ஏற்கெனவே இருந்த பாட்டு பியானோவுக்குப் போய்க்கொண்டிருந்தது. பியானோவிலிருந்து ஒரு சுரம்கூட லேப்டாப்புக்கு வரவில்லை. அத்தை உட்கார்ந்து வாசித்துப் பார்க்கட்டுமா என்று கேட்டபோது, சுருதி சேர்த்த பிறகு வாசிக்கலாம் என்று தடுத்துவிட்டார். ஏன் தடுத்தார் என்பது பிறகுதான் புரிந்தது.

தானியங்கிப் பியானோவில் இரண்டு தனித்தனி வேலைகள் இருக்கின்றன. வாசிப்பதற்குக் கட்டைகளுக்குக் கீழே சொலினாய்டு என்ற மின்காந்தங்கள் வரிசையாக இருக்கும். அவை கட்டையின் பின்முனையைத் தள்ளும். பதிவு செய்வதற்குச் சென்சார்கள் வேண்டும். பெரும்பாலும் ஒளியை வைத்துக் கட்டையின் அசைவை அளப்பவை. யமஹாவின் டிஸ்க்ளேவியர் போல ஆலையிலேயே தயாரானவற்றில் பெரும்பாலும் இரண்டும் உண்டு. பின்னால் பொருத்தப்படும் கருவிகளிலோ சென்சார் பட்டை பல நேரம் தனி விலைக்கு வாங்க வேண்டிய பொருள். அது இல்லாத கருவியின் கட்டுப்பாட்டுப் பெட்டியிலும், மிடி செய்திகளை வெளியே அனுப்பும் மிடி அவுட் துளை இருக்கக்கூடும். எங்கள் பெட்டியில் இருந்தது. அது தான் வாசிக்கும் பாட்டை மட்டுமே வெளியே அனுப்பியது. கையால் அழுத்தும் கட்டையைப் பற்றி அதற்கு ஒன்றுமே தெரியாது.

பியானோவை வாங்கி வந்த பிறகு வீட்டில் எதுவும் பதிவாகவில்லை. கடையிலிருந்து வந்த பணியாளர் முதலில் கேபிளை மாற்றினார், பிறகு மென்பொருள் போதாது என்று விலையுயர்ந்த ஒன்றை அவர்கள் மூலமாகவே வாங்க வைத்தார். மிடி 1983-லிருந்து புழக்கத்தில் உள்ள பொதுத் தரம். பியானோவிலிருந்து செய்தி வந்தால் இலவச மென்பொருளும் அதைப் பிடித்துக்கொள்ளும். வராவிட்டால் எதுவும் பிடிக்காது. அந்த மனிதருக்கு இது தெரியாமல் இருந்திருக்க வாய்ப்பே இல்லை. கடைசியில், கடைக்குத் தொடர்பில்லாத ஒரு சுருதி சேர்ப்பவர் வந்து, கட்டைகளுக்கு முன்னால் உள்ள மெல்லிய பலகையைக் கழற்றி டார்ச் அடித்துக் காட்டினார். சென்சார் பட்டையே இல்லை.

கடையில் கேட்டபோது ரசீதைக் காட்டினார்கள். "மிடி வசதியுடன் கூடிய தானியங்கிக் கருவி" என்றுதான் அதில் இருக்கிறதாம், பதிவு என்ற சொல் இல்லையாம். கூடுதல் பணம் கொடுத்தால் பட்டையைப் பொருத்தித் தருவதாகச் சொன்னார்கள். அத்தைக்காக அதையும் கொடுத்தோம். ஒவ்வொரு கட்டைக்கும் தனித்தனியே அளவு சரிபார்க்க வேண்டிய வேலையை அவர்கள் செய்யவே இல்லை. நடு ஸி-யை, மிடி கணக்கில் 60-ஆம் எண்ணை, பூப்போல அழுத்தினாலும் திரையில் வேகம் 127 என்று உச்ச அளவில் வந்தது. மந்தர ஸ்தாயியில் சில கட்டைகள் வரவே இல்லை. சுரத்தை நீட்டிக்கும் கால் பெடலுக்குத் தனிச் சென்சார் வேண்டும் என்பதை யாரும் சொல்லவில்லை. பெடலுக்குரிய 64-ஆம் எண் செய்தி ஒருமுறைகூடப் பதிவாகவில்லை. எல்லாவற்றையும்விடக் கொடுமை, மென்பொருளில் உள்ளே வருவதைத் திருப்பி அனுப்பும் அமைப்பை அணைக்காமல் போய்விட்டார்கள். அத்தை விரலை எடுத்த கட்டை மறுபடி தானாக இறங்கியது. அந்த அசைவும் சேர்ந்து பதிவானது. தன் விரல்தான் தடுமாறுகிறது என்று நினைத்து அவர் வாசிப்பதையே நிறுத்திவிட்டார். கடையைக் கேட்டால், "பழைய பியானோ, அப்படித்தான் இருக்கும்" என்ற பதில். சுருதி சேர்ப்பவர் அந்த ஓர் அமைப்பை அணைத்தார். இரட்டிப்பு உடனே நின்றது.

வாங்கப் போகிறவர்கள் கடையில் ஓடும் பாட்டை நிறுத்தச் சொல்லுங்கள். உங்கள் சொந்த லேப்டாப்பை இணைத்து 88 கட்டைகளையும் ஒவ்வொன்றாக மெதுவாகவும் பலமாகவும் அழுத்துங்கள். திரையில் வேக எண் அதற்கேற்ப மாற வேண்டும். பெடலைத் தனியாக மிதித்துப் பாருங்கள். வாசிக்கவிடாமல் தடுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். கையால் வாசிப்பதும் பெடலும் பதிவாகும் என்று ரசீதில் எழுதி வாங்குங்கள். மிடி வசதி என்ற சொல்லை மட்டும் ஏற்காதீர்கள்.

பட்டைக்கும் மென்பொருளுக்கும் கொடுத்த பணத்துக்காகக் கிரெடிட் கார்டு நிறுவனத்திடம் முறையிட்டிருக்கிறோம். பட்டைக்கான தொகை திரும்பிவிட்டது, மென்பொருளுக்கானது விசாரணையில் இருக்கிறது. இதே போன்ற ரசீது உங்கள் கையில் இருந்தால், கடையோடு நடந்த மின்னஞ்சல்களை அழிக்காமல் வைத்து, கார்டு நிறுவனத்திடம் காலக்கெடு எதுவரை என்று இன்றே கேளுங்கள்.