டீலரிடம் துப்பாக்கியை ஒப்படைக்கிறீர்களா? பேரலைப் போட்டோ எடுத்துவிட்டுக் கொடுங்கள்

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் பக்கம் லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருக்கும் நம்மவர்களுக்காக இதை எழுதுகிறேன். வழக்கு நடப்பதால் கடையின் பெயரைப் போடவில்லை. யாரும் கமெண்டில் ஊகிக்கவும் வேண்டாம்.

சேஃப் கஸ்டடிக்கு, அதாவது பத்திரமாக வைத்திருக்கச் சொல்லி, டீலரிடம் நான் கொடுத்த .45 பிஸ்டல் திரும்பி வந்தது, அதன் பேரல் (குண்டு வெளியேறும் குழல்) வரவில்லை. அந்த இடத்தில் வேறு ஒரு பேரலைச் செருகிக் கொடுத்திருந்தார்கள். பாடியில் உள்ள நம்பரும் லைசென்ஸில் உள்ள நம்பரும் ஒன்றாக இருந்ததால் எந்த மேசையிலும் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

துப்பாக்கி எங்கள் தாத்தா காலத்தது. நெல்லியாம்பதி எஸ்டேட்டில் இருந்த ஒரு துரை ஊரைவிட்டுக் கிளம்பும்போது தாத்தாவுக்கு விற்றது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்துக்காகச் செய்த 1911 மாடல், ஏ1 ரகம். செய்தது ரெமிங்டன் ராண்ட், அதாவது டைப்ரைட்டர் கம்பெனி. போர்க்காலத்தில் அவர்களையும் பிஸ்டல் செய்ய வைத்திருக்கிறார்கள். மற்றவர்களைவிட அதிகமாகவும் செய்திருக்கிறார்கள். முழுக்க எஃகு, வெறும் எடையே 1.1 கிலோ. மேகசினில் 7 தோட்டா. குண்டு 230 கிரெய்ன், ஏறக்குறைய 15 கிராம்; வேகம் நொடிக்கு 250 மீட்டர் சுமார்தான், ஒலியைவிடக் குறைவு. சுட்டால் கையை வெடுக்கென்று உதறாது, பலமாகத் தள்ளும். அப்பா வருஷத்துக்குச் சில தோட்டாதான் சுடுவார், ஆனால் மாதம் தவறாமல் பிரித்து எண்ணெய் போடுவார். பேரலின் அடியில் எச்எஸ் என்று இரண்டு எழுத்து இருக்கும். அந்த பேரலைச் செய்த ஹை ஸ்டாண்டர்டு கம்பெனியின் குறி அது. சின்ன வயதில் அதைத் தடவிப் பார்த்தே எனக்கு ஆங்கில எழுத்து பழக்கமானது என்று அம்மா இன்றும் சொல்வாள்.

அப்பா தவறியதும் சட்டப்படி அது எங்கள் வீட்டில் இருக்கக்கூடாது. 1959 ஆயுதச் சட்டத்தின் 21-ஆம் பிரிவுப்படி போலீஸ் ஸ்டேஷனிலோ லைசென்ஸ் உள்ள டீலரிடமோ தாமதிக்காமல் ஒப்படைக்க வேண்டும். வாரிசு என்ற முறையில் 2016 ஆயுத விதிகளின்படி என் பெயருக்கு லைசென்ஸ் கேட்டு விண்ணப்பம் போட்டுவிட்டு, டீலரிடம் கொடுத்தேன். கோயம்புத்தூரில் எங்கள் குடும்பத்துக்குப் பழக்கமான ரிப்பேர்க்காரர் ஒருவர் இருக்கிறார். ஆனால் அப்பாவின் லைசென்ஸ் கேரளாவுக்குள் மட்டும் செல்லும். செக்போஸ்டுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோனால் அதுவே கேஸ். அரை மணி நேரத் தூரத்தில் நம்பிக்கையான ஆள் இருந்தும், இந்தப் பக்கத்துக் கடையில்தான் கொடுக்க வேண்டியிருந்தது.

ரசீதில் எழுதியது ஒரே வரி: ".45 பிஸ்டல் 1, நம்பர் இன்னது." மாதாமாதம் வாடகை வாங்கிக்கொண்டார்கள். "சாரே, நாங்களே க்ளீன் பண்ணி வெச்சுக்கறோம், பேடிக்கண்டா (பயப்படாதீங்க)" என்று கடைக்காரர் சிரித்த முகமாகச் சொன்னார்.

லைசென்ஸ் வந்து, துப்பாக்கியும் கைக்கு வந்தது. வெளியே பளபளவென்று இருந்தது. ரைபிள் கிளப் சுடுதளத்தில் பயிற்சியாளர் பக்கத்தில் நிற்க முதல் மேகசினைச் சுட்டேன். காகிதத்தில் வட்டமாக விழ வேண்டிய ஓட்டைகள் நீளநீளமாகக் கிழிந்திருந்தன. பூட்டின் சாவித் துவாரம் மாதிரி. குண்டு சுழன்று நேராகப் போகாமல் பக்கவாட்டில் புரண்டு போயிருக்கிறது. கீழே கிடந்த காலிக் கேஸ்களை (சுட்ட தோட்டாவின் கூடு) பயிற்சியாளர் பொறுக்கிப் பார்த்தார். அடிப்பக்கத்தில் ஒருபுறமாகச் சின்னத் தொப்பை. "இனி இதில் ஒரு தோட்டாகூடப் போடாதீங்க" என்றார். அது வெடித்திருந்தால் என் வலது கை போயிருக்கும்.

அங்கேயே பிரித்தோம். இந்த மாடலுக்கு ஸ்க்ரூடிரைவர்கூட வேண்டாம், பழகிய கைக்கு ஒரு நிமிஷ வேலை. பேரலை மாற்றுவதும் அதே ஒரு நிமிஷம்தான் என்பது அப்போதுதான் உறைத்தது. எச்எஸ் இல்லை, எந்தக் குறியும் இல்லை. வெளிச்சத்துக்கு நேரே பிடித்து உள்ளே பார்த்தால், குண்டைச் சுழல வைக்கும் வரிகள் மேலோட்டமாகக் கீறியது போல நாலுதான், வலப்பக்கமாகச் சுழன்று போகின்றன. ராணுவத்துக்குச் செய்த .45 பேரலில் ஆறு வரி. இடப்பக்கமாகச் சுழலும், 16 அங்குலத்துக்கு ஒரு சுற்று. போட்டோவை வாட்ஸப்பில் பார்த்த கோயம்புத்தூர்ப் பெரியவர் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்: "தம்பி, பட்டறைச் சரக்கு." கம்பெனியில் செய்ததல்ல, லோக்கல் பட்டறையில் கடைந்தது என்று அர்த்தம்.

கடைக்காரரைக் கேட்டேன். "பழைய பீஸல்லே சாரே, தேஞ்சுபோயிருக்கும்" என்றார். தேய்ந்தால் வரி அழியும், சரி. இடப்பக்கம் சுற்றிய வரி வலப்பக்கம் திரும்புமா? ஆறு நாலாகுமா? இதைக் கேட்டதும் அவருக்குத் தமிழ் மறந்துவிட்டது. அப்புறம் பேசியதெல்லாம் சுத்த மலையாளம்.

ஏன் செய்கிறார்கள் என்று கேட்பீர்கள். தனிநபர்கள் வெளிநாட்டுத் துப்பாக்கி இறக்குமதி செய்வது 1980களிலேயே நின்றுபோனது. நம் ஆர்டினன்ஸ் ஃபேக்டரி பொதுமக்களுக்குச் செய்து விற்ற பிஸ்டல் .32. ஆகவே உள்நாட்டில் ஏற்கெனவே இருக்கும் பழைய .45-க்கு அசல் பேரல் வேண்டும் என்றால் இன்னொரு .45-இலிருந்துதான் கழற்ற வேண்டும். தங்கம் விலை. மேகசினையும் மாற்றியிருந்தார்கள், அதை விடுங்கள்.

இந்த மாடலில் நம்பர் பாடியில் மட்டும்தான் பதிந்திருக்கும், பேரலில் இருக்காது. லைசென்ஸிலும் அந்த ஒரு நம்பர்தான். இந்த ஓட்டைதான் அவர்களுக்கு வசதி. தேர்தல் வந்தால் உங்களில் பலர் துப்பாக்கியைக் கொண்டுபோய் ஒப்படைப்பீர்கள். 12 போர் இரட்டைக்குழல் என்றாலும் சரி, கொடுக்கும் முன் பிரிக்கத் தெரிந்தவரை வைத்துப் பிரித்து, பேரலின் குறிகள், உட்புறம், மேகசின் எல்லாவற்றையும் தேதி தெரியும்படி போட்டோ எடுங்கள். ரசீதில் பேரல் குறி, மேகசின் எண்ணிக்கை, துரு இருக்கிறதா இல்லையா என்பதுவரை எழுதச் சொல்லுங்கள். எழுத மாட்டேன் என்றால் போலீஸ் ஸ்டேஷனில் கொடுங்கள், சட்டத்தில் அதற்கு இடம் இருக்கிறது. "க்ளீன் பண்ணித் தருகிறோம்" என்றால் வேண்டாம் என்று அதே ரசீதில் எழுதி வாங்குங்கள். திரும்ப வாங்கும்போது பேரலுக்குள் பார்த்த பிறகே கையெழுத்து.

ஏற்கெனவே மாட்டியவர்கள் கடையில் சண்டை போட்டு நேரத்தை வீணாக்காதீர்கள், அதே பேரலைத் திரும்பக் கொடுத்து "சமாதானமாகவும்" போகாதீர்கள். அந்தப் பட்டறைப் பேரல்தான் சாட்சி. எழுத்தில் கலெக்டர் ஆபீஸுக்கும் ஸ்டேஷனுக்கும் புகார் கொடுங்கள். வாடகை வாங்கி வைத்திருந்த பொருள் என்பதால் 2019 நுகர்வோர் சட்டப்படி மாவட்ட நுகர்வோர் கமிஷனிலும் வழக்குப் போடலாம். இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். மாத வாடகைக்குப் பில் இருக்கிறதா என்றுதான் வக்கீல் முதலில் கேட்டார். என்னிடம் இருந்தது, அப்பா பழக்கம்.

இப்போதைய நிலை: பிஸ்டல், பேரல், காலிக் கேஸ்கள் எல்லாம் ஸ்டேஷனில் சீல் வைத்து இருக்கின்றன. ஆய்வகத்துக்கு அனுப்பப்போவதாகச் சொன்னார்கள். கமிஷன் நோட்டீஸுக்குக் கடைக்காரர் பதில் போட்டிருக்கிறார், தனக்கு .45 பேரல் என்றால் என்னவென்றே தெரியாதாம். ஆயுத டீலர்.