விளக்கு அணைந்தது, பெல்ட் மாறவில்லை: பழைய டீசல் வண்டி வைத்திருப்போர் கவனத்துக்கு

வடசென்னை எர்ணாவூரில் இருக்கும் எங்கள் வீட்டில் 2008ஆம் ஆண்டு அப்பா புதிதாக வாங்கிய டொயோட்டா இன்னோவா டீசல் வண்டி இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. மீட்டர் 3,20,000 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. மாதவரம் பக்கம் உள்ள ஒரு ஷெட்டில் இந்த வண்டியின் டைமிங் பெல்ட்டை (இன்ஜினுக்குள் பிஸ்டனும் வால்வும் ஒன்றோடொன்று மோதாமல் காக்கும் ரப்பர் பெல்ட்) மாற்றியதாகச் சொல்லிப் பில் போட்டுப் பணம் வாங்கிக்கொண்டு, பெல்ட்டைத் தொடாமலேயே வண்டியைத் திருப்பித் தந்தார்கள். பதினோரு மாதம் கழித்து அந்தப் பழைய பெல்ட், ஓடும் வண்டியில், இரவு நேரத்தில், மணலி விரைவுச் சாலையில் அறுந்தது. உள்ளே அம்மாவும் அக்காவின் இரண்டு பிள்ளைகளும் இருந்தார்கள். அதிகம் ஓடிய வண்டியை நம்பிக்கையோடு வைத்திருக்கும் எவருக்கும் இது நடக்கலாம் என்பதால் நடந்ததை முழுமையாக எழுதுகிறேன்.

இந்த வண்டியைத் தொடக்கத்திலிருந்தே பார்த்துவந்தவர் தண்டையார்பேட்டையில் சிறிய ஷெட் வைத்திருந்த மெக்கானிக் பாய். எந்த ஃபில்டரை மாட்டினாலும் அதன் மேல் மார்க்கரால் மாதமும் வருடமும் எழுதுவார். முக்கியமான போல்ட்டை முறுக்கி முடித்தால், போல்ட்டின் தலையிலிருந்து பக்கத்து உலோகம்வரை வெள்ளை பெயிண்ட்டால் மெல்லிய கோடு ஒன்று இழுத்துவிடுவார். அந்தப் போல்ட் தானாகத் தளர்ந்தாலும் சரி, யாராவது திருகினாலும் சரி, கோடு விலகிக் காட்டிக்கொடுத்துவிடும். 2017இல் எங்கள் வண்டிக்கு டைமிங் பெல்ட் மாற்றியவரும் அவரே. முழங்கால் வலி அதிகமாகி, 2023இல் ஷெட்டை மூடிவிட்டு வீட்டோடு இருந்துவிட்டார். அதே ஆண்டு வண்டிக்குப் பதினைந்து வருடம் நிறைந்தது. எஃப்.சி. எனப்படும் தகுதிச் சோதனைக்குக் காட்டி, ரூ. 5,000 கட்டணம் செலுத்தி, ஆர்.சி.யை (பதிவுச் சான்றை) மேலும் ஐந்து ஆண்டுகளுக்குப் புதுப்பித்தோம். அந்தச் சோதனையில் பிரேக், விளக்கு, புகை எல்லாம் பார்ப்பார்களே தவிர, இன்ஜினின் முன்பக்க உறைக்குள் சுற்றும் ரப்பர் பெல்ட்டை யாரும் திறந்து பார்ப்பதில்லை.

அந்த ஆண்டு டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. எண்ணூர் முகத்துவாரத்தை ஒட்டிய பகுதிகளில் இருப்பவர்களுக்கு அந்த வெள்ளத்தை விளக்க வேண்டியதில்லை. தண்ணீரோடு கச்சா எண்ணெயும் கலந்து தெருவுக்குள் வந்தது. எங்கள் வண்டி கதவின் அடிவரை அந்தத் தண்ணீரில் நின்றது. வடிந்த பிறகு நான்கு சக்கரங்களிலும் ஒரே உயரத்தில் கறுப்புக் கோடு படிந்திருந்தது. எண்ணெய் பட்டால் ரப்பர் ஊறிக் கெடும். அதனால் அடியிலிருக்கும் புஷ்கள், ஹோஸ்கள், பெல்ட்டுகள் எல்லாவற்றையும் ஒருமுறை பார்த்து, மாற்ற வேண்டியதை மாற்றிவிடலாம் என்று முடிவு செய்தேன். மீட்டர் மூன்று லட்சத்தை எட்டி, டேஷ்போர்டில் 'டி-பெல்ட்' என்ற விளக்கும் அதே சமயத்தில் எரியத் தொடங்கியது.

பாய் இல்லாத நிலையில், தெரிந்தவர் ஒருவர் சொன்னதன் பேரில் மாதவரம் ஷெட்டுக்குப் போனேன். சுத்தமான இடம், கணினியில் பில், சீருடை அணிந்த பையன்கள். 2024 பிப்ரவரியில் இரண்டு நாள் வண்டியை விட்டேன். டைமிங் பெல்ட், அதை வழிநடத்தும் ஐட்லர் பேரிங், இறுக்கமாக வைத்திருக்கும் டென்ஷனர், கூலி எல்லாம் சேர்த்து ரூ. 13,600. டீசல் ஃபில்டர், கூலன்ட், அடிப்பக்கத் துருத்தடுப்புப் பூச்சு ஆகியவற்றுக்குத் தனியாக ரூ. 9,200. வண்டியை எடுக்கும்போது டி-பெல்ட் விளக்கு அணைந்திருந்தது. பழைய பாகங்களைக் கேட்டேன். "வேஸ்ட் எடுக்கிறவன் காலையிலேயே வந்துட்டுப் போய்ட்டான் சார்" என்றார் உரிமையாளர். நான் அதோடு விட்டுவிட்டேன்.

2025 ஜனவரியில் ஒருநாள் இரவு ஒன்பது மணிக்கு மேல், செங்குன்றத்தில் உறவினர் வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். எம்.எஃப்.எல். சந்திப்பைக் கடந்து ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் வந்துகொண்டிருந்தபோது முன்னாலிருந்து 'டப்' என்று ஒரே ஒரு சத்தம் வந்தது. அடுத்த நொடி இன்ஜின் ஓசை அடியோடு நின்றுபோய், டேஷ்போர்டில் எல்லா எச்சரிக்கை விளக்குகளும் ஒன்றாக எரிந்தன. ஸ்டியரிங் கல்லைப் போல இறுகியது. இன்ஜின் நின்றுவிட்டால் பிரேக்குக்குத் துணைசெய்யும் வெற்றிடமும் இரண்டு மூன்று மிதிகளிலேயே தீர்ந்துவிடும் என்பது தெரிந்திருந்ததால், பிரேக்கைத் தொடாமல், இரண்டு கைகளாலும் முழு பலத்தோடு ஸ்டியரிங்கை இழுத்து இடது ஓரத்துக்கு நகர்த்தப் பார்த்தேன். பாதி வண்டி சாலையிலேயே நின்றுவிட்டது. பின்னால் கன்டெய்னர் ஏற்றிய ட்ரெய்லர். அந்தச் சாலையில் இரவில் கன்டெய்னர் வண்டிகள் எப்படி வரும் என்பதை வடசென்னைக்காரர்கள் அறிவார்கள். ஆனால் அந்த ஓட்டுநர் எங்களைச் சுற்றிக்கொண்டு போகாமல், தன் வண்டியை எங்கள் பின்னாலேயே நிறுத்தி, நான்கு இண்டிகேட்டரையும் போட்டுவிட்டு இறங்கி வந்தார். "மொதல்ல பசங்கள எறக்குங்க" என்றார். அவரும் அருகிலிருந்த பஞ்சர் கடைக்காரரும் சேர்ந்து தள்ளி வண்டியை ஓரம் சேர்த்தார்கள். அவர் அன்று நிறுத்தியிராவிட்டால் என்னவாகியிருக்கும் என்பதை என்னால் இன்றும் முழுதாக நினைத்துப்பார்க்க முடியவில்லை. பெயரைக்கூடக் கேட்டுக்கொள்ளாமல் அனுப்பிவிட்டேன்.

மறுநாள் வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு பாயின் சீடர் நடத்தும் கொருக்குப்பேட்டை ஷெட்டுக்குப் போனேன். செய்தி கேட்டுப் பாயும் ஆட்டோ பிடித்து வந்து, ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். முன்பக்க உறையைக் கழற்றியதும் அறுந்த பெல்ட் கறுப்பு நாடாவாகத் தொங்கியது. பல இடங்களில் பற்கள் அடியோடு பிய்ந்திருந்தன. விளிம்பிலிருந்து நூல் பிரிந்து வந்தது. பதினோரு மாதம் ஓடிய பெல்ட் அப்படி இருக்காது என்பது எனக்கே தெரிந்தது. பாய் அதைப் பார்க்கவில்லை. டீசலில் நனைத்த துணியைக் கேட்டு வாங்கி, ஐட்லர் பேரிங்கைப் பிடித்திருக்கும் போல்ட்டின் மேல் படிந்திருந்த அழுக்கை மெதுவாகத் துடைத்தார். அடியில் வெள்ளைக் கோடு இருந்தது. போல்ட்டின் தலையில் தொடங்கி, பக்கத்து உலோகத்தில் சிறிதும் விலகாமல் நேராக இறங்கியிருந்தது. டென்ஷனரின் போல்ட்டுகளிலும் அப்படியே. "தம்பி, இது நான் போட்ட கோடு. இத ஒருத்தனும் தொறக்கல" என்றார்.

அந்தப் போல்ட்டைக் கழற்றாமல் ஐட்லரை மாற்ற முடியாது. 2017இல் இழுத்த கோடு ஒரு மயிரிழைகூட முறியாமல் இருக்கிறதென்றால், 2024இல் பில் போட்டு விற்கப்பட்ட ஐட்லரும் டென்ஷனரும் எங்கள் வண்டிக்குள் வரவே இல்லை.

அப்படியானால் விளக்கு எப்படி அணைந்தது என்ற கேள்வி எனக்கும் எழுந்தது. இதுதான் பலருக்குத் தெரியாத இடம். அந்த விளக்குக்கும் பெல்ட்டுக்கும் நேரடியான தொடர்பு எதுவும் கிடையாது. பெல்ட் தேய்ந்திருக்கிறதா, விரிசல் விட்டிருக்கிறதா என்று அது பார்ப்பதில்லை. குறிப்பிட்ட கிலோமீட்டர் ஓடியதும் எரியும் வெறும் கணக்கு அது. பெல்ட்டை மாற்றியபின் மெக்கானிக் அந்தக் கணக்கைப் புதிதாகத் தொடங்கிவைக்க வேண்டும். அதற்குக் கணினி வேண்டாம், கருவி வேண்டாம். மீட்டரில் கிலோமீட்டரையும் ட்ரிப்பையும் மாற்றிக்காட்டும் பொத்தானையும் சாவியையும் வைத்தே செய்துவிடலாம். பாயின் சீடர் என் கண் முன்னால் செய்து காட்டினார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அந்த ஒரு நிமிட வேலைக்கு நான் ரூ. 13,600 கொடுத்திருக்கிறேன்.

பெல்ட் செய்வது இதுதான்: பிஸ்டன்களோடு இணைந்து கீழே சுற்றும் கிராங்க் ஷாஃப்ட்டின் சுழற்சியை, வால்வுகளைத் திறந்து மூடும் மேலே உள்ள கேம் ஷாஃப்ட்டுக்குக் கொண்டுபோய், பிஸ்டன் உச்சிக்கு வரும்போது வால்வுகள் அதில் மோதாதவாறு காலக்கணக்கைக் காப்பாற்றுகிறது. டீசல் இன்ஜினில் பிஸ்டனுக்கும் வால்வுக்கும் நடுவே இடைவெளி மிகக் குறைவு. பெல்ட் அறுந்தவுடன் கேம் நின்றுவிடுகிறது, பிஸ்டன் நிற்பதில்லை. திறந்தபடி நின்ற வால்வில் கீழிருந்து மோதுகிறது. எங்கள் வண்டியில் வால்வுகளைத் தள்ளித் திறக்கும் ராக்கர் ஆர்ம்கள் பல உடைந்திருந்தன, வால்வுகள் சில வளைந்திருந்தன. இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டை இறக்கி, லேத்துக்கு அனுப்பி, எல்லாம் முடிய ரூ. 61,500 செலவும் பத்தொன்பது நாளும் ஆயின.

அதன்பின் பில்லிலிருந்த மற்றவற்றையும் பார்த்தோம். டீசல் ஃபில்டரின் மேல் பாயின் கையெழுத்தில் '2/22' என்று இருந்தது. ரேடியேட்டரில் சிவப்புக் கூலன்ட்டுக்குப் பதிலாகத் துரு நிறத் தண்ணீர். அடிப்பக்கப் பூச்சை மட்டும் உண்மையாகவே அடித்திருந்தார்கள். ஆனால் வெள்ளச் சேற்றைக் கழுவாமல், துருவைச் சுரண்டாமல் அதன் மேலேயே அடித்திருந்ததால், விரலால் தட்டியதும் சில இடங்களில் பூச்சும் துருவும் சேர்ந்து பொக்கென்று பெயர்ந்து விழுந்தன. கடற்கரையோரமாக உப்புக்காற்றில் நிற்கும் வண்டிக்கு அப்படிப் பூசுவது ஈரத்தை உள்ளே பூட்டிவைப்பதுதான். பூசாமல் விட்டிருந்தால்கூடக் கெடுதல் குறைவு.

ஷெட் உரிமையாளரிடம் நேரில் போய்க் கேட்டேன். "மூணு லட்சம் ஓடின வண்டி சார், பெல்ட் அறுந்து போறதெல்லாம் சகஜம்" என்றார். வெள்ளைக் கோட்டின் படத்தைக் காட்டியதும், வேலை செய்த பையன் இப்போது இங்கே இல்லை என்றார். கடைசியில் பெல்ட் வேலைக்கான கூலியை மட்டும் திருப்பித் தருவதாகச் சொன்னார். நான் வாங்கிக்கொள்ளவில்லை. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிந்துவிட்டு, அவருக்குப் பதிவுத் தபாலில் அறிவிப்பு அனுப்பி, பதில் வராததால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறேன். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி இதற்கு இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. நாம் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. மனு நிலுவையில் இருப்பதால் ஷெட்டின் பெயரை இங்கே எழுதவில்லை.

பழைய வண்டியைக் கட்டிக்கொண்டு ஏன் அழுகிறாய், விற்றுத் தொலை என்று சொந்தக்காரர்கள் பலர் சொன்னார்கள். அவர்கள் அக்கறையை மதிக்கிறேன், ஆனால் ஒப்புக்கொள்ள மாட்டேன். வண்டி எங்களை ஏமாற்றவில்லை. பெல்ட்டை மாற்றச் சொல்லி உரிய நேரத்தில் விளக்கை எரித்தது. அதை அணைத்தது மனிதக் கை. மூன்று லட்சம் ஓடிய வண்டி நம்பகமாக இருப்பது, எந்தப் பாகம் எப்போது மாறியது என்ற கணக்கு சரியாக இருக்கும்வரைதான். பெல்ட்டை மாற்றவில்லை என்று அவர்கள் உண்மையைச் சொல்லியிருந்தால் நான் வேறு இடத்தில் மாற்றியிருப்பேன், குறைந்தபட்சம் அந்த வண்டியில் பிள்ளைகளை ஏற்றியிருக்க மாட்டேன். பொய்ப் பில் என் பணத்தை மட்டும் எடுக்கவில்லை. என் எச்சரிக்கை உணர்வையே எடுத்துவிட்டது. பதினோரு மாதம் நிம்மதியாக ஓட்டினேன் என்பதுதான் எனக்கு இன்றும் ஆறவில்லை.

இப்போது நான் செய்வதைச் சொல்கிறேன். வண்டியை விடுவதற்கு முன்பே பழைய பாகங்கள் என் கைக்கு வர வேண்டும் என்று வேலைச் சீட்டில் எழுதவைத்துவிடுகிறேன். புதிய பாகத்தின் அட்டைப்பெட்டியையும் அதிலுள்ள பாக எண்ணையும் மாட்டுவதற்கு முன் படமெடுக்கிறேன். உறை திறந்திருக்கும் அந்த அரை மணி நேரமாவது பக்கத்தில் நிற்கிறேன். வெயிலில் காத்திருக்க வேண்டியிருக்கிறது, ஆனாலும் நிற்கிறேன். போல்ட்டுகளில் பெயிண்ட் கோடு இழுக்கச் சொல்லி, தேதியோடு படமெடுத்து வைத்துக்கொள்கிறேன். நல்ல மெக்கானிக் யாரும் இதுவரை இதற்கு முகம் சுளிக்கவில்லை.

கடந்த ஒன்றிரண்டு ஆண்டுகளில் வெளி ஷெட்டில் டைமிங் பெல்ட் மாற்றி, பழைய பெல்ட்டைக் கண்ணால் பார்க்காதவர்கள் யாராவது இதைப் படித்தால், அடுத்த நெடும்பயணத்துக்கு முன் வேறொரு மெக்கானிக்கிடம் கொடுத்து முன்பக்க உறையை மட்டும் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். டேஷ்போர்டில் விளக்கு எரியவில்லை என்பதை வைத்து முடிவு செய்துவிடாதீர்கள்.